துருவும் இறால் ஓடும் தந்த நல்ல தண்ணீர்

வங்காளத்துக் குழாய்க் கிணறுகளில் கலந்திருக்கும் ஆர்சனிக்கை மின்சாரம் இல்லாமலே பிடித்து நிறுத்தும் பொருள் ஒன்று சென்னையில் பிறந்தது. அதை உருவாக்கிய சென்னை ஐஐடி பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் இருபது ஆண்டு உழைப்பைச் சொல்கிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.

கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். நிறம் இல்லை, வாடை இல்லை, குடித்தால் தொண்டைக்குக் குளிர்ச்சி. மேற்கு வங்கத்தின் நதியா, முர்ஷிதாபாத், வடக்கு 24 பர்கனா மாவட்டங்களில் கைப்பம்பை அடித்தால் பல இடங்களில் இப்படிப்பட்ட தண்ணீர்தான் வரும். அதைக் குடிப்பவருக்கு இன்று ஒன்றும் ஆகாது. அடுத்த வருடமும் ஒன்றும் ஆகாது. பல வருடங்கள் போனபின் மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்ததுபோலப் புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, முண்டுமுண்டாகச் சொரசொரக்கும். இன்னும் நாளானால் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும்.

1983-ல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, தன்னிடம் வந்த கிராமத்து நோயாளிகளின் உடம்பில் இந்தப் புள்ளிகளைக் கண்டு, இது ஆர்சனிக் நஞ்சு என்று அடையாளம் சொன்னார். தமிழருக்கு ஆர்சனிக் புதிதல்ல. சித்த மருத்துவம் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது ஆர்சனிக் ஆக்சைடைத்தான். மஞ்சள் கனிமமாகக் கிடைக்கும் இன்னொரு வடிவத்துக்கு அரிதாரம் என்று பெயர். கூத்துக்காரர் முகத்தில் பூசிய அந்த மஞ்சள் பொடியின் பெயர்தான் இன்று ஒப்பனைக்கே பெயராக நிற்கிறது. தெரிந்தே பூசிக்கொண்ட பாஷாணம் அது. வங்காளத்து மக்கள் குடித்ததோ தெரியாமல் குடித்த பாஷாணம்.

நல்லது செய்யப்போய்

இந்த நஞ்சை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. எழுபதுகளில் வங்காள டெல்டாவில் குளத்துத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். நிலத்தடி நீர் கிருமி இல்லாதது என்பதால் அரசுகளும் உதவி நிறுவனங்களும் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகளைப் போட்டன. பிள்ளைகளின் சாவு குறைந்தது. ஆனால், அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அப்போது எவருக்கும் எழவில்லை.

ஆர்சனிக் அங்கே வந்த கதையில் இரும்புத் துருவுக்குப் பெரிய பங்கு உண்டு. இமயமலைப் பாறைகள் கரைந்து ஆறுகளில் வரும்போது, வண்டலில் இருக்கும் துருத் துகள்களின்மேல் ஆர்சனிக் ஒட்டிக்கொள்கிறது. அந்த வண்டல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக டெல்டாவில் படிந்து மண்ணுக்குள் புதைகிறது. கூடவே புதைந்த இலைதழைகளைத் தின்னும் நுண்ணுயிர்கள், காற்று இல்லாத அந்த ஆழத்தில் சுவாசத்துக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக இந்தத் துருவைப் பயன்படுத்துகின்றன. துரு கரைகிறது. அது பிடித்துவைத்திருந்த ஆர்சனிக் தண்ணீரில் இறங்குகிறது. காலங்காலமாக நஞ்சைக் கட்டிக் காத்த காவல்காரன் கரைந்துபோனதால் வந்த வினை இது.

பக்கத்தில் உள்ள வங்கதேசத்தின் நிலை இன்னும் மோசம். அங்கே 3.5 கோடியிலிருந்து 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் இருப்பதாக 2000-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரை மதிப்பிட்டது. வரலாற்றில் ஒரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய நஞ்சூட்டல் இதுதான் என்றும் அந்தக் கட்டுரை குறிப்பிட்டது.

பிரதீப்பின் கண்டுபிடிப்பை ஒரு வரியில் சொல்லவேண்டுமானால், கரைந்துபோன அந்தக் காவல்காரனைத் திரும்பக் கொண்டுவந்து, இந்த முறை கரையாமல் காவலுக்கு நிறுத்தினார் எனலாம். அதைச் செய்து முடிக்க அவருக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

பந்தாவூரிலிருந்து கிண்டிக்கு

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் பந்தாவூர் என்னும் கிராமத்தில் 1963-ல் பிறந்தவர் பிரதீப். அப்பாவும் அம்மாவும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். அப்பா மலையாளத்தில் பல புத்தகங்கள் எழுதியவர். ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சுமார் 4 கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போன பையன் அவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வேதியியலாளர் சி.என்.ஆர். ராவ் முதலியோரிடம் ஆய்வு செய்து 1991-ல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவில் பெர்க்கிலியிலும் பர்டியூவிலும் ஆராய்ச்சி. 1993-ல் சென்னை ஐஐடியில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்தார். மான்கள் மேயும் அந்தக் கிண்டி வளாகம்தான் இன்றுவரை அவருடைய களம்.

அவர் அடிப்படை ஆராய்ச்சியாளர். எத்தனை அணுக்கள் என்று எண்ணிச் சொல்லக்கூடிய தங்க, வெள்ளித் திரள்களைப் பற்றியும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது பற்றியும் உலகம் மதிக்கும் ஆய்வுகளைச் செய்தவர். நானோ அறிவியலைப் பற்றித் தாய்மொழியில் அவர் எழுதிய மலையாள நூலுக்கு, ‘சின்னஞ்சிறு துகள்களுக்கு வசந்தம்’ என்று பொருள்படும் தலைப்பு. கேரள சாகித்ய அகாதமி 2010-ல் அதற்குப் பரிசளித்தது. ஆராய்ச்சி யாருக்காக என்ற கேள்வி அவருக்குள் எப்போதும் இருந்தது என்பதற்கு அந்த நூலே சாட்சி.

ஒரு சர்க்கரைக் கட்டியும் ஒன்றரை ஏக்கரும்

நானோ என்றால் என்ன? ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர். மனிதத் தலைமுடி ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் தடிமன் கொண்டது. ஆனால், இந்தச் சின்ன அளவால் தண்ணீருக்கு என்ன பயன் என்பது வேறொரு கணக்கில் புரியும்.

பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள ஒரு கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன சர்க்கரைக் கட்டி அளவு. அதன் ஆறு முகங்களையும் சேர்த்தால் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். இப்போது அதையே ஒரு நானோமீட்டர் கட்டிகளாக நறுக்குகிறோம் என்று வையுங்கள். பொருளின் எடை மாறவில்லை. ஆனால், எல்லாக் கட்டிகளின் முகங்களையும் சேர்த்துப் பார்த்தால் பரப்பு 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்! தண்ணீரில் உள்ள நஞ்சு ஒரு பொருளின் மேற்பரப்பில்தான் வந்து ஒட்டும். உள்ளங்கையில் அடங்கும் பொருளுக்குள் ஒரு வயல் அளவு பரப்பை மடித்துவைக்க முடிந்தால், அது பிடிக்கக்கூடிய நஞ்சும் அந்த அளவுக்குக் கூடும். நானோவின் பயன் இந்தப் பரப்பில் இருக்கிறது.

அளவு சுருங்கும்போது குணமும் மாறுகிறது. நகைக்கடைத் தங்கம் எதனோடும் எளிதில் வினைபுரியாது. தலைமுறை தலைமுறையாகக் கறுக்காமல் இருப்பது அதனால்தான். நானோ அளவுக்கு வந்ததும் தங்கமும் வெள்ளியும் அப்படி ஒதுங்கி நிற்பதில்லை. பிரதீப்பின் முதல் வெற்றி அங்கேதான் தொடங்கியது.

பூச்சிமருந்தை உடைத்த வெள்ளி

2003-ல் பிரதீப்பும் அவருடைய ஆய்வு மாணவரும் ஒன்றைக் கண்டார்கள். கார்பன் டெட்ராகுளோரைடு என்ற, எளிதில் சிதையாத ரசாயனம் வெள்ளி நானோதுகள்களின் மேல் பட்டதும், சாதாரண அறை வெப்பத்திலேயே உடைந்து வெள்ளி குளோரைடாகவும் கரியாகவும் மாறியது. குளோரின் கோத்த பல பூச்சிமருந்துகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதானே என்ற யோசனை அடுத்து வந்தது. எண்டோசல்ஃபான், குளோர்பைரிஃபாஸ் என்று ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கலந்து பார்த்தார்கள். தங்க, வெள்ளித் துகள்கள் அவற்றைப் பிடித்தன.

அந்த நேரத்தில் அந்தக் கேள்வி வெறும் ஆய்வகக் கேள்வியாக இல்லை. அதே 2003-ல்தான் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், முதலில் பாட்டில் தண்ணீரிலும் பிறகு குளிர்பானங்களிலும் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக வெளியிட்ட அறிக்கைகள் நாட்டையே உலுக்கின. பிரதீப் பிறந்த கேரளத்திலோ, காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபானை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்ததன் விளைவு, பிள்ளைகளின் உடம்பில் ஊனமாகத் தெரியத் தொடங்கியிருந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுதும் எண்டோசல்ஃபானுக்குத் தடை விதித்தது.

அலுமினாக் குருணைகளின்மேல் வெள்ளி நானோதுகள்களைப் படியவைத்துப் பூச்சிமருந்தை நீக்கும் வடிகட்டியை அவர் குழு உருவாக்கியது. யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் 2007-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நானோ வேதியியலை அடிப்படையாகக் கொண்டு விற்பனைக்கு வந்த உலகின் முதல் குடிநீர்ச் சுத்திகரிப்பான் என்று அது பேசப்படுகிறது. 2008-ல் அவருக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது வந்தது.

வேறு யாராவது அதோடு திருப்தியடைந்திருக்கலாம். ஆனால், அந்த வடிகட்டியை வாங்கக்கூடிய வீட்டில் ஏற்கெனவே குழாய் உண்டு, மின்சாரம் உண்டு, மாதச் சம்பளமும் உண்டு. நதியா மாவட்டத்துக் கைப்பம்புக்கு அருகில் குடத்தோடு நிற்பவருக்கு அது எட்டவில்லை.

ஊர்த் தண்ணீர் வைத்த சோதனை

எட்டாததற்குக் காசு மட்டும் காரணமில்லை. ஆய்வகத் தண்ணீர் வேறு, ஊர்த் தண்ணீர் வேறு. ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரே ஒரு நஞ்சைக் கலந்து சோதிப்பார்கள். எந்த நல்ல பொருளும் அதில் தேறிவிடும். ஊர்க் கிணற்றுத் தண்ணீரிலோ சுண்ணாம்பு, உப்பு, சிலிக்கா, பாஸ்பேட், இரும்பு, இலை மக்கிய சாறு எல்லாம் இருக்கும். நம் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதே படிவு நானோதுகளின் மேலும் படியும். ஒன்றரை ஏக்கர் வயலைக் கட்டாந்தரையாக்க மெல்லிய உப்புத் தோல் ஒன்றே போதும்.

வெள்ளிக்கு இதுதான் நடந்தது. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பழைய அறிவு. துகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும் வெள்ளி அயனிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால், நிஜமான தண்ணீரில் போட்ட கொஞ்ச நாளிலேயே துகளின் மேல் படிவு ஏறி, அயனி வெளியே வருவது நின்றுவிடுகிறது. உலகெங்கும் எத்தனையோ ஆய்வகங்களில் ஜெயித்த வெள்ளி, ஊரில் தோற்றது இதனால்தான்.

2013-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் பிரதீப் குழு தந்த விடை, கேட்பதற்கு அத்தனை எளிமையானது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற இயற்கைப் பொருளையும் அலுமினிய ஆக்சிஹைட்ராக்சைடையும் சேர்த்து நானோ அளவில் ஒரு கூண்டு கட்டினார்கள். அந்தக் கூண்டுக்குள் வெள்ளித் துகள்களை உட்காரவைத்தார்கள். படிவு உண்டாக்கும் சரக்குகள் கூண்டிலேயே தடுக்கப்படுகின்றன. வெள்ளி அயனி மட்டும் சீராக வெளியே வருகிறது. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 100 மைக்ரோகிராம் வரம்புக்குள் அது பத்திரமாக அடங்குகிறது.

அதைச் செய்த விதம் இன்னும் முக்கியம். உலை இல்லை, மின்சாரம் இல்லை, விலையுயர்ந்த கரைப்பான் இல்லை. தண்ணீரிலேயே, கிட்டத்தட்ட அறை வெப்பத்தில், அந்தப் பொருள் உருவாகிறது. காய்ந்தால் ஆற்று மணல் போன்ற குருணை. குருணையாக இருப்பதால் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போகாது; குழாயில் நிரப்பலாம், அள்ளலாம், கொட்டலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவில் குடிநீர் தரமுடியும் என்று அந்தக் கட்டுரை கணக்குக் காட்டியது. அன்றைய மதிப்பில் சுமார் 140 ரூபாய்.

மூப்பு வராத துரு

வெள்ளி கிருமிக்கு மருந்து. ஆர்சனிக்குக்கு? அங்கேதான் துரு திரும்பி வருகிறது.

இரும்பு அதிகமுள்ள போர்வெல் தண்ணீரைப் பிடித்துவைத்தால், முதலில் தெளிவாக இருந்து, கொஞ்ச நேரத்தில் பழுப்பேறி, பாத்திரத்தின் அடியில் காவிப் படிவு தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். புதிதாகப் பிறக்கும் அந்த மென்மையான துரு வகைக்கு விஞ்ஞானிகள் ஃபெரிஹைட்ரைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சில நானோமீட்டர் அளவே உள்ள துகள்கள் என்பதால் அதற்கு அபாரமான பரப்பு. ஆர்சனிக்கை அள்ளிப் பிடிப்பதில் அதற்கு இணையான மலிவுப் பொருள் அரிது.

ஆனால், அதற்கு ஒரு குறை உண்டு. இளந்துரு சீக்கிரம் மூப்படையும். நாளாக நாளாக அதன் அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு, கோயதைட், ஹேமடைட் என்ற கெட்டியான துருவாக மாறிவிடும். பரப்பு சுருங்கும், பிடிமானம் குறையும். மண்ணில் நடப்பது இதுதான். இளந்துருவை அப்படியே வைத்த வடிகட்டியில் நடப்பதும் இதுதான்.

பிரதீப் குழு அந்த இளந்துருவையும் கைட்டோசான் கூண்டுக்குள் வைத்தது. கூண்டுக்குள் இருக்கும் துகளுக்குப் பக்கத்துத் துகளோடு சேர்ந்து வளர இடமில்லை. எனவே அறை வெப்பத்தில் அது அப்படியே இளமையாக இருந்துவிடுகிறது. இந்த வேலை 2017-ல் ‘அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்’ ஆய்விதழில் வெளியானது. ஆர்சனிக் தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று மின்னூட்டம் கொண்டது. துருவில் சுலபமாக ஒட்டும். இன்னொன்று சாதாரணத் தண்ணீரில் மின்னூட்டமே இல்லாமல் நழுவிப் போவது. நிலத்தடியில் அதிகம் காணப்படுவதும் நஞ்சு மிகுந்ததும் அதுதான். இந்தப் பொருள் இரண்டையும் பிடிக்கிறது. தண்ணீரில் இருக்கும் மற்ற சரக்குகள் போட்டி போட்டாலும் பிடிக்கிறது. அதாவது ஊர்த் தண்ணீரில் தேறியது.

இந்தியத் தொழில்நுட்பத்தால் ஆர்சனிக்கையும் உலோகங்களையும் நீக்குதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து இதற்கு ‘அம்ரித்’ என்று பெயரிட்டார்கள். பாஷாணத்தை எடுக்கும் பொருளுக்கு அமுதம் என்று பெயர். வீட்டுக்குள் வைக்கும் சின்ன வடிகட்டி முதல் ஒரு ஊருக்கே தண்ணீர் தரும் நிலையம் வரை இதைப் பல அளவில் அமைக்கலாம். மேற்கு வங்கம், பஞ்சாப் உள்ளிட்ட மாநிலங்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பெட்டிச் செய்தி: ஐந்து அரிசி எடை

*குடிநீரில் ஆர்சனிக் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 1993 வரை இது 50 ஆக இருந்தது. 10 மைக்ரோகிராம் என்பது எவ்வளவு? பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மொத்தம் 100 மில்லிகிராம் ஆர்சனிக் கலந்திருந்தால் வரம்பைத் தொட்டுவிடும். சுமார் ஐந்து அரிசியின் எடைதான் அது. கண்ணுக்கோ நாக்குக்கோ தெரிய வழியே இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் போகாது. ஆவியாகும் தண்ணீர் போக மிச்சத்தில் அவற்றின் அடர்த்தி இன்னும் கூடத்தான் செய்யும். பரிசோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி.*

நிலையம் உண்டு, நல்ல தண்ணீர் இல்லை

அம்ரித்துக்கு முன்னால் யாரும் முயலாமல் இல்லை. வங்கதேசத்தில் பிறந்த வேதியியலாளர் அபுல் ஹுசாம், இரும்புத் துகளும் மணலும் கரியும் வைத்துச் செய்த ‘சோனோ’ வடிகட்டிக்கு 2007-ல் பத்து லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. மேற்கு வங்கத்திலும் நூற்றுக்கணக்கான ஆர்சனிக் நீக்கும் நிலையங்கள் நிறுவப்பட்டன. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி, இந்த நஞ்சைப் பற்றி உலகம் கேட்கும்வரை கூவிக்கொண்டிருந்தவர். அவருடைய குழு அங்கே 19 நிலையங்களை இரண்டு ஆண்டுகள் கண்காணித்து, 2005-ல் முடிவை வெளியிட்டது. ஒரு நிலையம்கூட 10 மைக்ரோகிராம் வரம்புக்குள் தண்ணீரைத் தொடர்ந்து தரவில்லை. பழைய 50 மைக்ரோகிராம் அளவைக்கூட இரண்டே நிலையங்கள்தான் காப்பாற்றின.

இந்தக் கட்டுரையின் மையம் அந்த முடிவில் இருக்கிறது. ஒரு நிலையத்தைத் திறந்துவைக்கும் நாளில் அது எப்படி வேலை செய்கிறது என்பது கணக்கே இல்லை. மூன்றாவது வருடம், சித்திரை வெயிலில், பராமரிப்பவர் வேலையை விட்டுப் போனபின், இரும்பு அடைத்துக்கொண்டபின் அது என்ன தண்ணீர் தருகிறது என்பதே கணக்கு. வெள்ளி நீடிக்கவேண்டும், துரு நீடிக்கவேண்டும், நிலையமும் நீடிக்கவேண்டும். முதல் இரண்டையும் வேதியியல் பார்த்துக்கொண்டது. மூன்றாவது ஊரும் அரசும் பார்க்கவேண்டியது.

இன்னொரு கேள்வியையும் ஒதுக்கக் கூடாது. பிடித்த நஞ்சு எங்கே போகும்? ஆர்சனிக்கை அழிக்க முடியாது; அது ஒரு தனிமம். தண்ணீரிலிருந்து எடுத்துக் குருணையில் கட்டிவைக்கிறோம், அவ்வளவுதான். பிடிமானம் உறுதியாக இருப்பதால் சாதாரண மழைத் தண்ணீரில் கழன்று வராது என்பது துருவின் நல்ல குணம். ஆனாலும் வேலை முடிந்த குருணையைக் குப்பைமேட்டில் கொட்டுவது மண்ணுக்குள் பாஷாணத்தைத் திரும்பப் புதைப்பதற்குச் சமம். திரும்பப் பெறும் ஏற்பாடும் சேர்ந்திருந்தால்தான் அது முழுமையான திட்டம்.

ஆர்ஓ இருக்க இது எதற்கு?

நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடு பரவல்) இயந்திரம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆர்ஓ சவ்வு ஆர்சனிக்கையும் நிறுத்தும்தான். ஆனால், அதற்கு மின்சாரம் வேண்டும். பல வீட்டு இயந்திரங்களில் உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியேறுகிறது. உடம்புக்கு வேண்டிய கால்சியத்தையும் மெக்னீசியத்தையும்கூட அது சேர்த்தே எடுத்துவிடுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்பு உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யவேண்டும் என்றும், அனுமதிக்கும் இடங்களில் 60 சதவீதத் தண்ணீரையாவது மீட்கவேண்டும் என்றும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது.

அம்ரித் போன்ற பொருள் வேறு விதமாக வேலை செய்கிறது. வீட்டுக்குள் வந்த கூட்டத்தையே வெளியேற்றாமல் திருடனை மட்டும் பிடிப்பது போன்றது அது. தண்ணீரின் நல்ல உப்புகள் தங்கிவிடும். ஆர்ஓ போலக் கழிவு நீர் தொடர்ந்து வெளியேறாது. கைப்பம்பின் அழுத்தமோ தொட்டியின் உயரமோ போதும். ஆனால், கடல் தண்ணீர் உள்ளே புகுந்து உப்புக்கரித்துப்போன கிணற்றை இது நல்ல தண்ணீராக்காது. அதற்கு ஆர்ஓதான் வழி. எந்த ஊர்த் தண்ணீரில் என்ன குறை என்று தெரிந்து, அதற்கான பொருளை வைப்பதே சரியான சிகிச்சை.

இந்த யோசனை நம் மண்ணுக்குப் பழையது. கலங்கல் தண்ணீர் வந்தால் மண்பானையின் உள்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு, அழுக்கு அடியில் இறங்கக் காத்திருந்த பாட்டிகளுக்குத் தெரிந்த வேதியியல் இதுதான்: தண்ணீருக்குள் ஒரு பொருளைப் போட்டு, வேண்டாததை மட்டும் பிடித்து இறக்குவது. ஃபுளோரைடை நீக்கப் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறையும் அந்த வழியில் வந்ததே. தமிழ்நாட்டில் ஆர்சனிக்கைவிட நம்மை வாட்டுவது ஃபுளோரைடுதான். பல்லில் காவிக்கறை, வளைந்த கால் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் அதன் அடையாளத்தை உடம்பில் சுமந்தார்கள். அவர்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. ஆறு எட்டாத ஊர்களில் பாறைக்கடியில் ஊறும் நிலத்தடி நீரையேதான் குடித்தாகவேண்டும். இங்கே கிண்டியில் பிறந்த அறிவு அங்கேயும் தேவைப்படுகிறது.

ஆய்வகத்தின் வாசலைத் தாண்டி

ஆய்வுக் கட்டுரை வெளியானால் வேலை முடிந்தது என்று பிரதீப் நினைக்கவில்லை. குருணையை டன் கணக்கில் செய்யவும், கருவியில் பொருத்தவும், ஊரில் நிறுவவும் அவருடைய மாணவர்களோடு சேர்ந்து நிறுவனங்கள் பிறந்தன. அம்ரித்தைக் களத்துக்குக் கொண்டுபோன இன்னோநானோ ரிசர்ச் அவற்றில் ஒன்று. காற்றில் உள்ள ஈரத்தைக் குளிரவைத்துக் குடிநீராக்கும் வாயுஜல் இன்னொன்று. ஐஐடியின் ஆராய்ச்சிப் பூங்காவில் இன்று சுத்தமான தண்ணீருக்கான பன்னாட்டு மையமும் இயங்குகிறது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அங்கேயே, அப்போதே சொல்லும் மலிவான உணர்கருவிகளும் இங்கே நடக்கும் ஆய்வின் ஒரு பகுதி. நஞ்சைப் பிடிப்பதைவிட, நஞ்சு இருப்பது தெரிவது முதலில் நடக்கவேண்டிய காரியம்.

2020-ல் பத்மஸ்ரீ, அதே ஆண்டு ஜப்பானின் நிக்கேய் ஆசியப் பரிசு, 2022-ல் வியட்நாமின் வின்ஃபியூச்சர் சிறப்புப் பரிசு என்று விருதுகள் வந்தன. ஆய்வோ நிற்கவில்லை. 2024-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான அவர் குழுவின் கட்டுரை, மின்னூட்டம் ஏறிய சின்னஞ்சிறு நீர்த்துளிகளுக்குள் குவார்ட்ஸ், மாணிக்கம் போன்ற கடினமான கனிமத் துகள்கள் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் தாமாகவே உடைந்து நானோதுகள்களாவதைக் காட்டியது. பாறை மண்ணாக இயற்கையில் நூற்றாண்டுகள் பிடிக்கும். ஒரு தூறலுக்குள் அந்த வேலை நடக்கலாம் என்றால், நெல்லுக்கு வேண்டிய சிலிக்கா மண்ணுக்கு எப்படி வந்து சேர்கிறது என்ற கேள்விவரை அது நீள்கிறது. ஆர்சனிக்கைப் பிடிக்கும் துரு, நீர்த்துளியில் உடையும் பாறை, இரண்டிலும் அவர் கவனிப்பது தண்ணீரும் கல்லும் ஒன்றை ஒன்று தொடும் அந்த மெல்லிய எல்லையைத்தான்.

ஐந்து பெண்கள்

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஊருக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்து, கையடக்கச் சோதனைப் பெட்டியால் தண்ணீரைப் பரிசோதிக்கப் பயிற்சி தரவேண்டும் என்கிறது. ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் உள்ள ஊர்களில் குழாய்த் தண்ணீர் வந்து சேரும்வரை, குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 லிட்டர் வரை சுத்திகரித்த தண்ணீர் தரவேண்டும் என்றும் அது வகுத்திருக்கிறது. தாளில் இருக்கும் இந்த ஏற்பாடு ஒவ்வொரு ஊரிலும் உயிரோடு இருந்தால், 2005-ல் ஜாதவ்பூர் குழு பார்த்த காட்சி மறுபடி வராது.

ஏனென்றால், ஒரு நிலையத்தின் தண்ணீர் கெட்டுவிட்டது என்று முதலில் தெரியவேண்டியது அதைக் குடிப்பவருக்கு. கண்ணுக்கும் நாக்குக்கும் பிடிபடாத நஞ்சை, ஒரு சின்னக் குப்பியில் மாறும் நிறமாக அந்த ஐந்து பெண்களால் பார்க்க முடியும். நிறம் மாறிய அன்றே அவர்கள் பஞ்சாயத்துக்குப் போய்க் குருணையை மாற்றச் சொல்வார்கள் என்றால், அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல ஒருவர் அங்கே இருப்பார் என்றால், கூண்டுக்குள் இருக்கும் இளந்துரு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

வங்காளத்து மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நஞ்சைக் கட்டிக்காத்த துரு, காக்க ஆளில்லாமல் கரைந்தது. சென்னையில் இறால் ஓட்டின் சாரத்தால் அதற்கு ஒரு கூண்டு கட்டித் தந்திருக்கிறார்கள். அந்தக் கூண்டைச் சுற்றி ஒரு ஊர் நிற்கவேண்டும்.